பழைய பிரிட்டன் வீடுகளின் கூரையில் நிற்கும் உலோகச் சிம்னி பாட்களை இனங்காண்பது எப்படி

பிரிட்டனில் விக்டோரியா காலத்திலும் எட்வர்டு காலத்திலும் கட்டப்பட்ட வீடுகளை அண்ணாந்து பார்த்தால், செங்கல் புகைபோக்கியின் உச்சியில் சுடுமண் குழாய்கள் வரிசையாக நிற்பது தெரியும். சிம்னி பாட் என்று அழைக்கப்படும் இவை பெரும்பாலும் ஒரே நிறத்திலும் ஒரே உயரத்திலும் இருக்கும். சில வீடுகளில் அந்த வரிசைக்கு நடுவே ஒன்று மட்டும் உலோகத்தாலானதாக, வளைந்தோ, அளவுக்கு மீறி உயர்ந்தோ, காற்றில் திரும்பிக்கொண்டோ, மூடியிட்டோ காணப்படும். லண்டனின் ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் போன்ற பகுதிகளில் இத்தகைய வரிசை வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. வீடு வாங்கும்போது கொதிகலன், மின்கம்பி, சுவர் ஈரம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கும் நாம், கூரையின் மேல் நிற்கும் அந்தப் பொருளைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. அதை இனங்காணத் தெரிந்துகொள்வது வீட்டின் வரலாற்றை அறியவும் உதவும். சில வேளைகளில் உயிரையும் காக்கும்.

தொடங்கும் முன் ஓர் அடிப்படையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சுடுமண் பாட் வீட்டைக் கட்டியபோதே வைக்கப்பட்டது. உலோகப் பாட் பெரும்பாலும் பின்னர் வந்தது, அதுவும் ஏதோ ஒரு குறையைத் தீர்ப்பதற்காக வந்தது. அறைக்குள் புகை திரும்பியிருக்கும், மழைநீர் இறங்கியிருக்கும், பறவை கூடு கட்டியிருக்கும், அல்லது நிலக்கரி எரிந்த கணப்பில் எரிவாயு வந்திருக்கும். அந்தப் புகைவழிக்கு என்ன குறை இருந்தது என்று கேட்டுக்கொண்டே பார்த்தால், உருவத்தை வைத்து மட்டும் ஊகிப்பதைவிட விரைவாக விடை கிடைக்கும்.

எங்கிருந்து, எப்போது பார்ப்பது

தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பைனாகுலர் வழியாகப் பார்ப்பதே சரியான முறை; நல்ல ஜூம் உள்ள கைப்பேசிக் கேமராவும் போதும். கூரையில் ஏறிப் பார்க்க முயலவே கூடாது. பாட்டின் அடியைச் சுற்றிச் சாய்வாகப் பூசப்பட்டிருக்கும் சாந்து நூறாண்டுப் பனியிலும் மழையிலும் விரிசல் விட்டிருக்கக்கூடும், அப்போது பாட் வெறும் எடையால் மட்டுமே நின்றுகொண்டிருக்கும். மேலும், கீழே எரிவாயுக் கணப்பு எரிந்துகொண்டிருந்தால் உச்சியில் நச்சு வாயு வெளியேறிக்கொண்டிருக்கும்.

காலை அல்லது மாலையின் சாய்வெயில் தகட்டின் மடிப்புகளையும் ரிவிட்களையும் நன்றாகக் காட்டும். காற்று வீசும் நாள் ஒன்றிலும், காற்றின் திசை மாறிய வேறொரு நாளிலும் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து ஒப்பிட்டால், அந்தப் பொருள் திரும்புகிறதா, நிலையாக நிற்கிறதா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். இனங்காணலின் முதல் கேள்வியே அதுதான்.

காற்றோடு திரும்புபவை

உலோகத் தகட்டால் செய்த வளைந்த குழாய் ஒன்று, வாயைப் பக்கவாட்டில் திறந்தபடி, தலையில் ஒரு திசைகாட்டித் தகட்டுடன் நின்றால், அது சுழல் கவுல்; கவுல் என்பது புகைபோக்கியின் வாயில் பொருத்தும் தொப்பி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளையத் தகடுகளால் அதன் முதுகு சிங்கி இறாலின் வாலோட்டைப் போல வளைந்திருப்பதால், இந்த வகைக்கு லாப்ஸ்டர்பேக் என்றே பெயர். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசினாலும் கவுல் அதற்கு முதுகைக் காட்டும். வாய் காற்றின் மறைவுப் பக்கம் திரும்பும். முதுகைக் கடந்து செல்லும் காற்று வாயருகே அழுத்தத்தைக் குறைப்பதால் புகை வெளியே இழுக்கப்படும்.

இது மிகப் பழைய உத்தி. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785ஆம் ஆண்டில், ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா திரும்பும் கடற்பயணத்தின்போது, இங்கன்ஹவுஸ் என்ற மருத்துவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், புகைபோக்கிகள் அறைக்குள் புகையைத் திருப்பிவிடுவதற்கான ஒன்பது காரணங்களை விளக்கினார். உயரமான கட்டடமோ குன்றோ அருகில் இருந்தால், அதைத் தாண்டி வரும் காற்று புகைபோக்கியின் மேல் இறங்கிப் புகையைக் கீழே அமுக்கும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு வழக்கமான தீர்வாக அவர் குறிப்பிடுவது, மேற்புறமும் மூன்று பக்கங்களும் மூடி ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும், அச்சில் சுழன்று எப்போதும் காற்றுக்கு முதுகைக் காட்டும் தகரத் தொப்பியை. அதாவது, அவர் காலத்திலேயே சுழல் கவுல் புழக்கத்தில் இருந்திருக்கிறது. ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து ஒரு கவுலின் வயதைச் சொல்லிவிட முடியாது.

சுழல் கவுலை உற்றுப் பார்க்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, திசைகாட்டித் தகடும் வாயும் ஒரே பக்கம் நோக்கியிருக்கின்றனவா என்பது. வாலாகச் செயல்படும் அந்தத் தகடு காற்று போகும் திசையிலேயே நீளும் என்பதால், வாயும் அதே பக்கம்தான் இருக்க வேண்டும். இரண்டாவது, வளைந்த தலைக்கும் நேரான அடிக்குழாய்க்கும் இடையிலுள்ள விளிம்பு. தலை முழுவதையும் தாங்குவது உள்ளே நடுவில் நிற்கும் ஓர் இரும்புத் தண்டு. அதன் முனை ஒரு சிறு குழியில் அமர்ந்து சுழலும். அந்தத் தண்டு தேய்ந்துவிட்டால் தலை ஒரு பக்கம் சாய்ந்து விளிம்பில் உரசும், உரசிய இடத்தில் பளபளப்பான கோடு ஒன்று வளைந்து தெரியும், காற்றடிக்கும் இரவுகளில் கிறீச்சென்ற ஒலி புகைவழியாகப் படுக்கையறைவரை இறங்கிவரும். மூன்றாவது, துரு. விளிம்பிலிருந்து செம்பழுப்புக் கோடுகள் செங்கல்மேல் ஒழுகியிருந்து, வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்களில் வாய் ஒரே திசையை நோக்கியிருந்தால், கவுல் இறுகிப்போய்விட்டது என்று கொள்ளலாம். பிரிட்டனில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தே காற்று வீசுவதால், நன்றாக இயங்கும் கவுலின் வாய் பல நாட்களில் வடகிழக்கை நோக்கியே இருக்கும். எனவே ஒரே நாள் பார்த்துவிட்டு இறுகிவிட்டது என்று முடிவுசெய்துவிடக் கூடாது. இறுகிய கவுல், கவுலே இல்லாததைவிடக் கேடானது. காற்று எதிர்த்திசைக்கு மாறும் நாளில் அது திறந்த வாயால் காற்றை வாங்கி நேராக அறைக்குள் அனுப்பும்.

நம் ஊர்த் தொழிற்சாலைக் கூரைகளில் சுழலும் உருண்டையான காற்றாடி வென்டிலேட்டர்களை ஒத்த சிறிய கவுல்களும் சில புகைபோக்கிகளில் இருக்கும். பளபளக்கும் அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ இருப்பவை அண்மைக் காலத்தவை. ஆனால் சுழலும் தலை என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. லங்காஷயரின் ஃபார்ன்வொர்த் ஊரில் ஜேம்ஸ் ஹோவொர்த்தின் நிறுவனம் தயாரித்த, உள்ளே ஆர்க்கிமிடீஸ் திருகு பொருத்திய வென்டிலேட்டர்கள் அக்காலத்தில் பெயர்பெற்றவை.

உயரமானவை

சுழலாமல், மெலிந்த குழாயாக அருகிலுள்ள சுடுமண் பாட்களைவிட இரண்டு மூன்று மடங்கு உயர்ந்து நின்றால் அது டால்பாய். பெரும்பாலும் ஜி.ஐ. தகட்டாலோ துத்தநாகத் தகட்டாலோ செய்யப்பட்டிருக்கும். காற்றில் சாயாமலிருக்க இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். கம்பியின் மறுமுனை செங்கலில் அறைந்த கொக்கியில் முடிவதைப் பார்த்தால் ஐயமே வேண்டாம். குழாய் எப்போதோ அகற்றப்பட்டுக் கொக்கிகள் மட்டும் எஞ்சியிருக்கும் வீடுகளும் உண்டு.

சுழல் தொப்பியை விவரித்த ஃபிராங்க்ளினே, அது எல்லா இடங்களிலும் பலிக்காது என்றும், முடிந்தால் புகைபோக்கியை அருகிலுள்ள உயரத்துக்கு இணையாக உயர்த்துவதே நம்பத்தக்க வழி என்றும் சொல்கிறார். டால்பாய் அந்த அறிவுரையின் மலிவான வடிவம். ஆகவே அதைக் கண்டவுடன் சுற்றிலும் பார்க்க வேண்டும். வரிசை வீடுகளில் பின்கட்டுச் சமையலறையின் புகைபோக்கி முதன்மைக் கூரையைவிடத் தாழ்ந்திருக்கும். கூரை முகட்டைத் தாண்டி வரும் காற்று அதன்மேல் இறங்கும். அந்த இடத்தில் டால்பாய் இருப்பது இயல்பு. மாறாக, முகட்டின்மேல் உயர்ந்து நிற்கும் முன்புறப் புகைபோக்கியில் ஒரு டால்பாய் இருந்தால், பக்கத்தில் பின்னாளில் எழுந்த உயரமான கட்டடம் எது என்று தேடுங்கள். அந்தக் கட்டடத்தின் ஆண்டு தெரிந்தால் டால்பாய் வந்த காலத்தையும் ஏறக்குறையக் கணித்துவிடலாம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த துப்பு இதுதான், ஏனென்றால் ஒரு வீட்டின் கூரையே அக்கம்பக்கம் மாறிய கதையைச் சொல்லிவிடுகிறது.

டால்பாயோடு குழப்பிக்கொள்ளத் தக்கது, விறகடுப்புகளுக்கு இன்று பொருத்தும் இரட்டைச் சுவர் எவர்சில்வர் குழாய். அது பெரும்பாலும் செங்கல் புகைபோக்கியில் நிற்பதில்லை, கூரையையோ சுவரையோ துளைத்துத் தனியாக எழும். சம இடைவெளிகளில் பூட்டுப் பட்டைகள் தெரியும், தடிமனாகவும் இருக்கும்.

பக்கவாட்டில் திறப்பவை

ஆங்கில எச் எழுத்தைப் போன்று, குறுக்குக் குழாயின் இரு முனைகளிலும் நெட்டுக் குழாய்கள் உள்ள பாட்களும் உண்டு. ஒரு பக்கம் காற்று அடித்தாலும் மறுபக்கம் புகை வெளியேற வழி இருக்கும் என்பதே இதன் தத்துவம். இதே வடிவம் சுடுமண்ணிலும் செய்யப்பட்டது. எனவே எச் வடிவத்தைக் கண்டதும் உலோகம் என்று முடிவுசெய்யாமல் விளிம்பின் தடிமனைப் பாருங்கள். சுடுமண் விளிம்பு விரல் தடிமன் இருக்கும், தகடு கோடாகத் தெரியும்.

சாய்வுத் தகடுகள் வரிசையாக அடுக்கிய உருளைகளும், மேலே தட்டுமூடியும் சுற்றிலும் கம்பிவலையும் கொண்ட குட்டையான கவுல்களும் இன்று பரவலாக உள்ளவை. கம்பிவலை இருந்தால் அது பறவைக்காக. ஜாக்டா என்ற சிறிய காக்கை இனம் புகைவழிக்குள் குச்சிகளைப் போட்டுப் போட்டுக் கூடு கட்டும், சில நாட்களிலேயே வழியை அடைத்துவிடும். பயன்பாட்டிலுள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம் என்பதால், கூடு கட்டும் பருவத்துக்கு முன்பே வலை பொருத்திவிடுவார்கள்.

குட்டையானவையும் மூடியவையும்: இங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை

1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த பெரும் புகைமூட்டத்துக்குப் பின் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் சாதாரண நிலக்கரியை எரிக்க முடியாமல் போனது. பழைய கணப்புகளில் எரிவாயு அடுப்புகள் நுழைந்தன. 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் வடகடல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. இந்த மாற்றங்களின் சுவடுதான், பல பாட்களின் தலையில் நாம் காணும் குட்டையான, ஒடுங்கிய நெடும்பிளவுகள் கொண்ட அலுமினிய அல்லது எஃகு முனைகள். இவை எரிவாயுவுக்கு மட்டுமே உரியவை.

இத்தகைய முனை உள்ள புகைவழியில் விறகோ நிலக்கரியோ எரித்தால், கரியும் தாரும் அந்த ஒடுங்கிய பிளவுகளை அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய கணப்பைத் திறந்து அழகுபடுத்தி, குளிர்காலத்தில் விறகு எரிக்க விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் வெளியே வந்து தங்கள் பாட்டின் தலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கம்பிவலையோ தட்டுமூடியோ உள்ள எல்லாக் கவுலும் விறகுக்கு ஏற்றது என்றும் எண்ணிவிடக் கூடாது. எரிவாயு சார்ந்தது என்றால் எரிவாயு வேலை செய்வோருக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவரையும், விறகு அல்லது நிலக்கரி என்றால் தகுதி பெற்ற புகைபோக்கி சுத்தம் செய்பவரையும் வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எரிவாயு முனை இருப்பதாலேயே கீழே எரிவாயுச் சாதனம் இயங்குகிறது என்றும் பொருளல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் புதிதாகப் பொருத்தும் எரிவாயுக் கொதிகலன் பொதுவாக, வெளியேறும் வாயுவின் வெப்பத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தபின், கணப்புக்குப் பின்னால் இருந்த பழைய கொதிகலன்கள் பல அகற்றப்பட்டன; புதியவற்றின் குழாய் பெரும்பாலும் சுவர் வழியாக வெளியேறுகிறது. கூரையில் முனை மட்டும் அநாதையாக நிற்கும்.

முழுவதும் மூடி, பக்கங்களில் சிறு காற்றுத் துளைகள் மட்டும் உள்ள தொப்பி என்றால், அந்தப் புகைவழி ஓய்வுபெற்றுவிட்டது. ஈரம் தங்கிச் சுவரில் கறை படியாமலிருக்கச் சிறிதளவு காற்று மட்டும் ஓடவிடுவதற்கான ஏற்பாடு அது.

எந்த உலோகம்

செம்பழுப்புத் துரு ஒழுகினால் இரும்பு அல்லது பூச்சு தேய்ந்த ஜி.ஐ. தகடு. இரும்புக்குத் துத்தநாகப் பூச்சிடும் முறைக்குப் பிரிட்டனில் 1837இல் காப்புரிமை வழங்கப்பட்டது, ஆகவே ஜி.ஐ. பாட் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அந்தப் பூச்சைத் தின்றுவிடும் என்பதால், இன்று காணும் ஜி.ஐ. பாட்களில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் மாற்றி வைத்தவையாகவே இருக்கும். தூய துத்தநாகத் தகடு சிவந்து துருப்பிடிக்காது. மங்கிய நீலச் சாம்பல் நிறத்தில் இருக்கும், மூலைகளில் கிழியும். செம்பில் பச்சைக் களிம்பு தெரியும். அலுமினியத்தில் வெண்பொடி பூக்கும். வார்ப்பிரும்பு தடித்த விளிம்போடு, அச்சு இணைந்த மெல்லிய வரம்போடு இருக்கும்.

சாம்பல் நிறத்தில், துருவே இல்லாமல், மடிப்போ ரிவிட்டோ தெரியாமல், மழுங்கிய தடித்த விளிம்போடு, மேலே பாசியோ கற்பாசியோ படிந்திருந்தால், அது உலோகமாக இல்லாமல் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டாக இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகைக்குழாய்களும் கவுல்களும் அதில் ஏராளமாகச் செய்யப்பட்டன. பிரிட்டனில் முழுத் தடை வந்தது 1999இல்தான். தொலைவிலிருந்து பார்த்தால் வண்ணம் பூசிய தகடு போலவே தெரியும். ஐயம் எழுந்தால் தொடவோ உடைக்கவோ துளையிடவோ கூடாது. ஆய்வகத்தில் மாதிரியைச் சோதிக்கச் செய்த பிறகே கூரையில் வேறு வேலை நடக்கலாம்.

சிம்னி பாட்டே அல்லாதவை

கூரை முகட்டின் நடுவில், செங்கல் புகைபோக்கி எதுவும் இல்லாத இடத்தில், அலங்காரமான உலோக உருளை நின்றால் அது காற்றோட்டத்துக்கான வென்டிலேட்டர். ராபர்ட் பாயில் அண்டு சன் நிறுவனம் தயாரித்த, அசையும் உறுப்பே இல்லாத வென்டிலேட்டர்கள் விக்டோரியா காலப் பள்ளிகளின் மேலும் தேவாலயங்களின் மேலும் இன்றும் உள்ளன. பள்ளியாக இருந்து வீடாக மாறிய கட்டடங்களில் இவற்றைப் புகைபோக்கி என்று தவறாக எண்ணுவார்கள். கென்ட் மாவட்டத்தில் கூம்புக் கூரையின் உச்சியில் வெள்ளை நிறத்தில் திரும்பும் பெரிய கவுல்கள் மரத்தாலானவை. பியருக்கான ஹாப்ஸ் பூக்களை உலர்த்திய ஓஸ்ட் சூளைகளுக்கு உரியவை. சுவரோரமாக ஏறிக் கூரையைத் தாண்டி நிற்கும் ஒல்லிக் குழாய் கழிவுநீர்க் குழாயின் காற்றுப்போக்கி.

எந்தக் கணப்புக்கு உரியது, எந்தக் காலத்தது

ஒவ்வொரு கணப்புக்கும் தனிப் புகைவழி; ஒவ்வொரு புகைவழிக்கும் ஒரு பாட். ஆகவே வீட்டிலுள்ள கணப்புகளையும், சுவருக்குள் அடைத்துவிட்ட கணப்புகள் இருந்த இடத்தில் அறைக்குள் துருத்தி நிற்கும் சுவர்களையும் எண்ணிக்கொண்டு பாட்களோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரில் எழும் புகைபோக்கி என்றால் ஒரு பாதி அவர்களுடையது. உங்களை இத்தனை நாள் குழப்பிய உலோகப் பாட் அயலாருடையதாகவே இருக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், சுத்தம் செய்பவர் கீழிருந்து புகைச் சோதனை செய்து எந்தப் பாட்டில் புகை வெளிவருகிறது என்று காட்டுவார்.

காலத்தைக் கணிக்க, 1919 முதல் 1953 வரை விமானத்திலிருந்து ஏரோஃபில்ம்ஸ் என்ற நிறுவனம் எடுத்த படங்கள் அரிய உதவி. ‘பிரிட்டன் ஃப்ரம் அபவ்’ தளத்தில் ஊர்ப் பெயரை இட்டுத் தேடலாம். படம் கூர்மையாக இருந்தால் டால்பாயின் நிழல்கூடக் கூரையில் விழுந்திருப்பது தெரியும்.

பழுதுபார்க்கச் சாரம் கட்டியிருக்கும் நாளில் பாட் கீழே இறங்கினால் அதைக் கழிவுத் தொட்டிக்கு அனுப்பும் முன் துணியால் துடைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. குறுக்கு வெட்டுத் தலையுள்ள திருகுகள் இருந்தால் 1930களுக்கு முற்பட்டதல்ல, அல்லது அதன்பின் பழுதுபார்க்கப்பட்டது. அடிப்பட்டையில் சாய்சதுரக் குறி பொறித்திருந்தால் அது 1842 முதல் 1883 வரையிலான பதிவுபெற்ற வடிவமைப்பு. உச்சியிலுள்ள வட்டத்தில் ரோமன் எண் ஒன்று (I) இருந்தால் உலோக வகை என்று பொருள். ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் இடப்பட்டது. சாய்சதுரத்துக்குப் பதிலாகப் பதிவு எண் மட்டும் இருந்தால் 1884ஐயோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தது. 1884இல் எண் 1இலிருந்து தொடங்கிய வரிசை 1900இன் தொடக்கத்தில் மூன்றரை லட்சத்தைத் தொட்டிருந்தது. எண் காட்டுவது வடிவமைப்பைப் பதிந்த ஆண்டை மட்டுமே. அதே அச்சில் பல ஆண்டுகள் கழித்தும் பாட் செய்திருப்பார்கள்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், பாட்டை அகற்றுவதற்கோ மாற்றுவதற்கோ முன் உள்ளாட்சி மன்றத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்துக்கு முன் அனுமதி கட்டாயம். கேட்கும்போது நான்கு திசைகளிலிருந்தும் எடுத்த படங்கள், அருகிலுள்ள சுடுமண் பாட்டோடு ஒப்பிட்ட உயரம், துரு ஒழுகிய பக்கம், அது எந்தக் கணப்புக்கு உரியது என்ற குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால், அலுவலரும் பழுதுபார்ப்பவரும் கூரைக்கு வருவதற்கு முன்பே பாதி விடையைச் சொல்லிவிடுவார்கள்.